லோட் போட்டுப் பார்

ஹந்தானைப் பக்கம் ஒரு வீடு. "கேத்தல் கொதிக்கச் சுணங்குது தம்பி. பிளக் பக்கம் ஒரு வாடையும் வருது" என்றார் அந்த வீட்டு அக்கா. கூட வந்த பையன் கேத்தலைப் போடாமலே, லோட் இல்லாத பிளக்கில் மல்டிமீட்டரை வைத்தான். 230 வோல்ட். "எல்லாம் சரியாத்தான் இருக்கு அண்ணே."

தொழிலுக்கு வந்த புதிதில் நானும் இப்படிச் சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கிறேன்.

கேத்தலின் அடியைத் திருப்பினேன்: 230 வோல்ட், 2000 வாட். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் 8.7 அம்பியர். வோல்ட்டை அந்த அம்பியரால் வகுத்தால் தடை 26 ஓம் சொச்சம். இது அந்தக் கேத்தலின் ஜாதகம்.

தண்ணீர் ஊற்றி சுவிட்சைப் போடச் சொன்னேன். போர்டில் லைவ் வயரில் மட்டும் கிளாம்ப் மீட்டரை மாட்டினேன். இரண்டு வயரையும் சேர்த்துப் பிடித்தால் பூச்சியம்தான் காட்டும். 8.2 அம்பியர். போர்டில் 224 வோல்ட், பிளக்கில் 216. 216ஐ 8.2ஆல் வகுத்தால் அதே 26 ஓம். கேத்தலில் குற்றமில்லை. ஆனால் 216ஐ 8.2ஆல் பெருக்கினால் 1771 வாட்தான். வோல்ட் 6 வீதம் குறைய, வலு 11 வீதம் போய்விட்டது. தடை மாறாதபோது வலு வோல்ட்டின் வர்க்கத்தோடு போகும்.

போர்டுக்கும் பிளக்குக்கும் நடுவில் 8 வோல்ட் எங்கே போனது? பத்து மீற்றர் தூரத்துக்கு 2.5 சதுர மில்லிமீற்றர் வயர் போய்வர ஒரு வோல்ட் சொச்சம் எடுக்கும். மிச்சம் ஏழு வோல்ட்டுக்குக் கிட்ட. அதை 8.2ஆல் பெருக்கினால் ஐம்பது வாட்டுக்கு மேல். சின்ன சோல்டரிங் அயன் ஒன்று சுவருக்குள் சுட்டுக்கொண்டு கிடக்கிறது என்று அர்த்தம்.

மெயினை அணைத்து பிளக் பேஸைக் கழற்றினோம். நியூட்ரல் ஸ்க்ரூ இளகி, வயரின் உறை பிஸ்கட் போலக் கருகியிருந்தது. இளகிய இடம் சுடும், சூட்டில் செம்பு கறுக்கும், தடை ஏறும், இன்னும் சுடும். ட்ரிப் சுவிட்ச் இதற்கு விழாது, கரண்ட் எங்கும் கசியவில்லையே. பிரேக்கரும் விழாது, அம்பியர் கூடவில்லையே. மூக்குக்குத்தான் முதலில் தெரியும்.

கருகிய துண்டை வெட்டி, புது பேஸ் மாட்டி, மறுபடி கேத்தலைப் போட்டோம். பிளக்கில் 223.

இந்தக் கணக்குக்கு அடிப்படையான விதியை ஓம் என்ற விஞ்ஞானி 1827இல் புத்தகமாக வெளியிட்டார். வகுத்தலும் பெருக்கலும் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கே வரும். எந்த நேரத்தில் அளப்பது என்பதுதான் எங்கள் தொழில். பழைய 60 வாட் குண்டு பல்பை ஆறியிருக்கும்போது அளந்தால் அறுபது, எழுபது ஓம் காட்டும். அதை நம்பிக் கணக்குப் போட்டால் எண்ணூறு வாட் வரும். எரியும்போது அதன் தடை 880 ஓம்.

தெல்தெனியாப் பக்கம் விக்டோரியா அணையின் 210 மெகாவாட் மின்சாரம் 220 ஆயிரம் வோல்ட்டில் புறப்படுவதும், வாட்டை வோல்ட்டால் வகுக்கும் இதே கணக்கால்தான். 230இலேயே அனுப்பப் போனால் லட்சக்கணக்கான அம்பியர் ஓட வேண்டும். எல்லாம் வழியிலேயே சூடாகிவிடும்.

இப்போது எந்த வீட்டுக்குப் போனாலும் பையன் முதலில் கேட்பது கேத்தலைத்தான். தேத்தண்ணி கேட்கிறான் என்று நினைத்து, வீட்டுக்காரர்கள் சீனி போடவா வேண்டாமா என்கிறார்கள்.