கிணறுகளை மடித்துப் பின் அடித்தபோது

ஆடிப்பெருக்கு முடிந்த வாரம் சிவகாசிக்குப் போனேன். அடுத்த வருஷக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகி, அச்சகங்களில் ஆர்டர் குவியத் தொடங்கும் நேரம். ‘என் போட்டோக்களைப் புத்தகமாப் போடணும், 50 பிரதி’ என்றால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள் என்று பயந்தேன். பின்கட்டிலிருந்த டிஜிட்டல் அறைக்குக் கைகாட்டினார்கள். ஆஃப்செட்டில் நாலு நிறத்துக்கு நாலு ப்ளேட் போட்டு, நிறம் சேர்ந்து வருவதற்குள்ளேயே 50 தாளுக்கு மேல் வீணாகிவிடுமாம்.

படங்கள் எல்லாம் கிணறுகள். போர்வெல் வந்தபின் கைவிடப்பட்டவை. மொத்தம் 43.

“வெறும் கெணறு மட்டுந்தானா சார்?” என்றார் கம்ப்யூட்டரில் இருந்த தம்பி. எட் ருஷே என்ற அமெரிக்கர் 1963இல் பெட்ரோல் பங்குகளை மட்டுமே எடுத்து, 26 படங்களோடு 400 பிரதி தானே வெளியிட்டதைச் சொன்னேன். அவர் அசரவில்லை. “நடுவுல பின் அடிச்சா பக்கம் நாலு நாலாத்தான் ஏறும். எத்தனை பக்கம்?”

32 என்று முடிவானது. தலைப்புக்கும் மற்றதுக்கும் நாலு பக்கம் போக, 15 படங்கள் அங்கேயே கழிந்தன. அதில் மூன்றை வாட்ஸ்அப்பிலிருந்து எடுத்து வைத்திருந்தேன். அவை போனதில் வருத்தமில்லை. 8 அங்குல அகலத்துக்கு அங்குலத்துக்கு 300 வீதம் 2400 பிக்சல் வேண்டும், அவற்றில் 1600தான் இருந்தது.

எனக்குப் பிடித்த படம், கயிறு குறுக்கே ஓடும் ஒரு கமலைக் கிணறு. அதை இரண்டு பக்கத்துக்கும் விரித்துப் போடச் சொன்னேன். தம்பி நாலைந்து வெள்ளைத் தாளை மடித்து டம்மி செய்து காட்டினார். நடுப்பக்கம் மட்டும்தான் ஒரே தாள். மற்ற இடங்களில் இடது பாதி ஒரு தாளிலும் வலது பாதி இன்னொன்றிலும் அச்சாகும். ஒரு மில்லி பிசகினால் கயிறு ஒடிந்துவிடும். ஆகவே கமலைக் கிணறு, இன்னொரு படத்தின் இடத்தையும் எடுத்துக்கொண்டு, 16, 17ஆம் பக்கங்களுக்குப் போனது. வீட்டில் ஒரு மாதம் யோசித்து வைத்திருந்த வரிசை அதோடு கலைந்தது. புது வரிசை பழையதைவிட நன்றாக இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

ப்ரூஃப் வந்தபோதுதான் வயிறு கலங்கியது. திரையில் படிக்கட்டும் அடியில் தண்ணீரும் தெரிந்த கிணறுகள் 170 ஜிஎஸ்எம் மேட் ஆர்ட் தாளில் கறுப்புக் குழியாக இருந்தன. திரைக்குச் சொந்த வெளிச்சம் உண்டு. தாளுக்கு விழுகிற வெளிச்சம்தான். மிஷின்காரர் ப்ரூஃபை வாசலுக்கு எடுத்துப் போனார். “டியூப் லைட்டுல பாத்து முடிவு பண்ணாதீங்க.” வெயிலில் கொஞ்சம் மீண்டது. மீதியை நிழலை மட்டும் தூக்கிச் சரிசெய்தோம். இரண்டு படங்களில் தூக்கத் தூக்கக் கிணறு சாம்பல் பூசியதுபோல ஆனது. அவற்றை இருட்டாகவே விட்டேன்.

சாயங்காலம் பின் அடித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு பிரதியைப் புரட்டிவிட்டுக் கேட்டார்: “இதெல்லாம் எந்த ஊருக் கெணறு?”

ஒரு படத்துக்கும் ஊர்ப்பெயர் போடவில்லை. 50 பிரதியும் அச்சாகிவிட்டது. நல்லவேளை, கடைசிப் பக்கம் காலி. பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து ஜெல் பேனாவால் எழுதினேன். மை காயாமல் இழுவியது. எதிர்க்கடையில் பால்பாயிண்ட் வாங்கிவந்து, இரண்டாவது பிரதியிலிருந்து மறுபடி ஆரம்பித்தேன்.