ஜனவாச வண்டிக்கு ஒரு வடிகால்

மன்னார்குடிக்கு மதிலழகு என்று பெரியோர் சொல்லியிருக்கிறார்கள். நம் வீட்டுக்கு அழகு, கொட்டகையில் நிற்கும் மோட்டார் வண்டி. 1964-ஆம் வருஷத்து ஷெவர்லே இம்பாலா. மேல்மூடியை மடித்து வைக்கலாம். கியரைத் தானே மாற்றிக்கொள்ளும். தந்தையார் அதைக் கண்ணின் மணி போலக் காத்து வந்தார். அவர் காலத்துக்குப் பிறகு நாம் அதைத் தினந்தோறும் துடைத்தோமே தவிர, எண்ணெய் மாற்றினோமில்லை. துடைப்பதையே பராமரிப்பு என்று எண்ணியிருந்தோம்.

சென்ற சித்திரையில் அக்கா வந்தாள். "தம்பி! பேத்திக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. ஜனவாசத்துக்கு அப்பாவின் வண்டிதான் வரவேண்டும். வாடகைக் கார் என்று பேச்செடுத்தாயோ, தெரியும் சேதி!" என்றாள். அக்காவின் தீர்ப்புக்கு மேல் அப்பீல் கிடையாது.

பரீக்ஷைக்காகத் தஞ்சாவூர் வரையில் போய்வரலாமென்று புறப்பட்டோம். நீடாமங்கலம் ரயில்வே கேட் மூடியிருந்தது. அக்கினி நட்சத்திரத்து வெயில். வண்டியை ஓட்டும் கியரிலேயே வைத்து, பிரேக்கை மிதித்தபடி அரைமணி நேரம் உட்கார்ந்திருந்தோம். கேட் திறந்தபோது எஞ்சின் உறுமியது. வண்டியோ நகர மனமில்லாமல் முனகிற்று. கருகிய நாற்றம் எழுந்தது. அளவுகோலை உருவிப் பார்த்தால், செந்நிறமாயிருக்க வேண்டிய கியர் எண்ணெய் காப்பி டிகாக்ஷன் நிறத்தில் இருந்தது! குற்றம் வண்டியினுடையதன்று, நம்முடையது.

மறுநாள் வீட்டுக்கு வந்த மேஸ்திரியார் எண்ணெயை முகர்ந்து பார்த்துவிட்டு, "ஐயா, வேகமாகப் போனதால் வந்த கேடு இல்லை இது. நின்றதால் வந்தது" என்றார்.

விஷயம் இதுதான். இவ்வகை வண்டியில் எஞ்சினுக்கும் கியர்ப் பெட்டிக்கும் இடையே எண்ணெய் நிறைந்த ஒரு கலம் உண்டு. அதற்குள் இரண்டு விசிறிகள் எதிரெதிராக இருக்கின்றன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, அது வீசும் எண்ணெய் மற்றொன்றைச் சுழற்றுகிறது. ஜெர்மானியரான ஹெர்மன் ஃபெட்டிங்கர் 1905-இல் கப்பல்களுக்காகக் கண்ட உபாயம் இது. ஷெவர்லே கம்பெனியார் 1950-இல் 'பவர்கிளைடு' என்ற பெயரால் இதைத் தங்கள் வண்டிகளில் அமைத்தார்கள். வண்டி ஓடும்போது இரு விசிறிகளும் ஏறக்குறைய ஒன்றாகச் சுழல்கின்றன. கியரிலிருந்தபடியே நின்றாலோ, ஊர்ந்தாலோ ஒன்று சுழல, மற்றொன்று பின்தங்குகிறது; இடையில் அகப்பட்ட எண்ணெய் கடைபட்டுச் சூடேறுகிறது. சுமார் 80 டிகிரி சென்டிகிரேடு வரையில் எண்ணெய் நெடுநாள் உழைக்கும். அதற்குமேல் ஏறக்குறைய 11 டிகிரி கூடும்போதெல்லாம் அதன் ஆயுள் பாதியாகும் என்பது இத்தொழிலில் வழங்கும் கணக்கு.

ஜனவாசமோ நடையிலும் மெதுவான நடை! நாதஸ்வரக்காரர் நின்றால் வண்டியும் நிற்கவேண்டும். நீடாமங்கலத்தில் அரைமணியில் நேர்ந்தது, மாப்பிள்ளையை ஏற்றிக்கொண்டு இரண்டு மணி நேரம் ஊர்ந்தால் என்னவாகும்?

ரேடியேட்டரின் அடித்தொட்டிக்குள் எண்ணெயைக் குளிரவைக்கும் குழாய் ஒன்று முன்னமே இருக்கிறது. ஆனால் அதைச் சூழ்ந்த தண்ணீரே கொதிநிலையை நெருங்கும்போது எண்ணெய் எங்ஙனம் குளிரும்? வெளியே தனியாக ஒரு ஆயில் கூலர் வேண்டும் என்று முடிவாயிற்று.

சென்னைப் புதுப்பேட்டையில் பழைய கூலர் ஒன்று மலிவாகக் கிடைத்தது. மேஸ்திரியார் தலையை ஆட்டினார். கெட்டுப்போன கியர்ப் பெட்டியின் இரும்புப்பொடி அதன் நுண்குழல்களில் தங்கியிருக்கலாம். எவ்வளவு கழுவினாலும் முற்றும் போகாது என்றார். ஆகையால் தகடுகளை அடுக்கிச் செய்த புதிய கூலர் ஒன்றை வாங்கினோம். குளிர்தேசத்தார் எண்ணெய் அதிகமாகக் குளிர்ந்துவிடுமோ என்று அஞ்சி அளவு பார்ப்பார்களாம். மன்னார்குடிக்கு அந்தக் கவலை இல்லை. இடம் கொண்ட மட்டும் பெரிதாகவே எடுத்தோம்.

அடுத்த கேள்வி, அதை எங்கே இணைப்பது? ரேடியேட்டருக்கு முன்னாலா, பின்னாலா? மேஸ்திரியார், "மூணாறு தலைப்பில் திறந்த தண்ணீர் வயலில் பாய்ந்த பிறகுதானே ஐயா, வடிகாலுக்குப் போகிறது!" என்றார். நமக்குப் பளிச்சென்று விளங்கிற்று. எண்ணெய் முதலில் ரேடியேட்டருக்குச் சென்று, பிறகு கூலருக்கு வந்து, அங்கிருந்து கியர்ப் பெட்டிக்குத் திரும்பவேண்டும். முறை மாறினால், கூலரில் குளிர்ந்த எண்ணெயை ரேடியேட்டர் மறுபடி சூடாக்கி அனுப்பும்.

அதற்கு முன் அடித்தொட்டியில் காற்றழுத்தம் கொடுத்து, நீரில் அமிழ்த்திச் சோதித்தோம். உள்ளே ஒரு சிறு ஓட்டை இருந்தாலும் தண்ணீரும் எண்ணெயும் கலந்து ரோஸ்மில்க் போலாகிவிடும். அப்புறம் கியர்ப் பெட்டிக்கு விமோசனம் இல்லை. நல்லவேளை, குமிழ் ஒன்றும் எழவில்லை.

கூலரை ரேடியேட்டருக்கு முன்புறம் இரும்புப் பட்டைகளால் பொருத்தினார். வண்டி ஊரும்போது எதிர்க்காற்று இராது. எஞ்சின் விசிறி இழுக்கும் காற்றே கதி. ஆகவே அந்த இடம். பெட்ரோல் குழாய் போதாதென்று, சூட்டையும் அழுத்தத்தையும் தாங்கும் எண்ணெய்க் குழாயையே பூட்டினார். அது நழுவாதபடி உலோகக் குழாயின் நுனியை விரித்துவிட்டார். கருகிய எண்ணெயை வடித்துப் புது எண்ணெய் வார்த்து, எஞ்சின் ஓடிச் சூடான பிறகு நியூட்ரலில் அளவு பார்த்தார். "நிற்கும் இடங்களில் நியூட்ரலுக்கு வந்துவிடுங்கள், ஐயா. அதற்குச் செலவே இல்லை" என்றும் உபதேசித்தார்.

ஆனி மாதத்தில் ஜனவாசம். மேல ராஜ வீதியில் நாதஸ்வரக்காரர் தோடியை எடுத்தார், எடுத்தவர் விடுவதாயில்லை. கூட்டம் மெய்மறந்து நின்றது. நாம் மட்டும் நியூட்ரலில் இருந்துகொண்டு, கருகும் வாசனை வருகிறதா என்று மூக்கைத் தீட்டிக்கொண்டிருந்தோம். மல்லிகை வாசனைதான் வந்தது.

மண்டப வாசலில் மாப்பிள்ளை இறங்கியதும் எஞ்சினை நிறுத்தி, வண்டிக்கு அடியில் குனிந்து, எண்ணெய் திரும்பும் குழாயைத் தொட்டுப் பார்த்தோம். கை பொறுக்கும் சூடுதான். தந்தையார் தோளைத் தட்டிக்கொடுத்தது போலிருந்தது.

நிமிர்ந்தபோது எதிரே அக்கா. நம் புது வேஷ்டியில் ஒரு சிவப்புக் கறையைப் பார்த்து, "ஆரத்தியைக் கொட்டிக்கொண்டாயா, தம்பி?" என்றாள். நாம் ஆமென்று தலையசைத்தோம்.