முகவரியும் அழுக்கும்

2004 டிசம்பர் 26 ஆம் திகதி மருதமுனையிலும் கல்முனைக்குடியிலும் சாய்ந்தமருதிலும் ஆழிப்பேரலை காவுகொண்டவர்களைப் பற்றி எம்மவர் இணையத்தில் எழுதிய நினைவுகளின் முகவரிகளைப் பல்லாண்டுகளாகத் திரட்டி வருகிறேன்.

அப்பட்டியலோ வாசிக்க இயலாததாய்க் கிடந்தது. ‘கல்முனை’ என்னும் சொல் ஒருங்குறியில் 7 குறியீடுகளாலானது; அவை 21 பைட்டுகள். முகவரியில் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு மூன்று குறிகளாக விரியும். ஆக, ஊர்ப்பெயர் 63 குறிகளாய் நீண்டுவிடுகிறது. போதாக்குறைக்கு, முகநூல் வழியே வந்த முகவரிகளில் கேள்விக்குறிக்குப் பின் ஒரு நீண்ட வால். வாசகர் எவ்வழி வந்தார் என்று வேவு பார்ப்பதன்றி அதனால் எமக்குப் பயனேதுமில்லை.

சில வரிகளில் ஒரு நிரல் எழுதினேன். அது சதவீதக் குறிகளைத் தமிழெழுத்தாக மீட்டது. கேள்விக்குறிக்குப் பின்னுள்ள அனைத்தையும் வெட்டியது. பட்டியல் பளிச்சிட்டது. ஆயின், ஒருநாள் திறந்து பார்த்தபோது, பல முகவரிகள் ஒரே தளத்தின் முகப்புக்கே இட்டுச்சென்றன. அவற்றின் வாலில் இருந்தது அந்தந்தக் கட்டுரையின் இலக்கம்! மையவாடியிற் பற்றை வெட்டப் புகுந்தவன் மீஸான் கட்டைகளையும் சேர்த்துப் பிடுங்கிய கதையாயிற்று.

நல்லவேளையாக, மூலப் பட்டியலை நான் அழித்திருக்கவில்லை. இப்போது என் நிரல், வேவு வால்களை மட்டுமே பெயர் கண்டு நீக்குகிறது, அறியாததைத் தொடுவதில்லை. மூலமும் அருகிலேயே இருக்கிறது. தூய்மை செய்யப் புகுபவனுக்கு முதலில் வேண்டியது, எது அழுக்கு, எது அடையாளம் என்னும் தெளிவே.