முகவரி இல்லாத அலைவரிசை

கன்னியாகுமரியிலிருந்து கிளம்பும் திருக்குறள் எக்ஸ்பிரஸ் வந்து முடியும் இடம் தில்லியின் ஹஸ்ரத் நிஜாமுதீன் ரயில் நிலையம். அங்கிருந்து ஜங்புராவுக்கு ஆட்டோ பிடித்தால் ஏறி உட்கார்வதற்குள் இறங்க வேண்டியிருக்கும். அவ்வளவு பக்கம். நடுவே ஓடுகிறது பாராபுல்லா நாலா என்கிற பெரிய சாக்கடை. ஜஹாங்கீர் காலத்தில் இதன் மீது கட்டிய கல் பாலம் 400 ஆண்டுகள் கழித்தும் நிற்கிறது. 2010 காமன்வெல்த் விளையாட்டுக்காகக் கட்டிய மேம்பாலம் தலைக்கு மேல் பாய்கிறது. முகலாயர் பாலத்துக்கும் காமன்வெல்த் பாலத்துக்கும் நடுவே, சாக்கடையின் கரையில், அரை நூற்றாண்டுக்கும் மேலாக ஒரு தமிழ்க் குடியிருப்பு இருந்தது. பெயர் மதராசி கேம்ப்.

இன்று அது இல்லை. மழைக்காலத்தில் நீர் வடியாமல் சுற்றுப்புறம் மூழ்குவதற்கு நாலாவை ஒட்டிய ஆக்கிரமிப்பு ஒரு காரணம் என்று சொல்லி, குடிசைகளை அகற்ற தில்லி உயர் நீதிமன்றம் 2025 மே மாதம் உத்தரவிட்டது. ஜூன் 1ஆம் தேதி புல்டோசர்கள் வந்தன. சுமார் 370 வீடுகள் இடிபட்டன. மாற்று வீடு பெறத் தகுதியானவர்கள் என்று தேறியவை 189 குடும்பங்கள். அவர்களுக்கு ஒதுக்கிய அடுக்குமாடி வீடுகள் இருப்பது நகரின் வடக்கு ஓரத்தில், ஏறக்குறைய 40 கி.மீ. தள்ளி, நரேலாவில். மற்றவர்கள் கிடைத்த திசையில் போனார்கள்.

1960களின் இறுதியிலிருந்து தமிழகத்தின் வட மாவட்டங்களைச் சேர்ந்தவர்கள் பிழைப்புத் தேடி இங்கே வந்து சேர்ந்தார்கள். பெண்கள் ஜங்புராவிலும் சுற்றியுள்ள காலனிகளிலும் வீட்டு வேலை செய்தார்கள். ஆண்கள் டிரைவர், சமையல்காரர், கூலித் தொழிலாளி. பிள்ளைகளில் பலர் லோதி எஸ்டேட்டில் உள்ள தில்லித் தமிழ்க் கல்விக் கழகப் பள்ளிக்குப் போய்த் தமிழ் படித்தார்கள். 1923இல் பிறந்த அந்தக் கழகத்துக்கு ஆரம்பத்தில் பெயரே மதராசி கல்விக் கழகம்தான். கரோல்பாக், ஆர்.கே.புரம் தமிழர்கள் காலப்போக்கில் 'மதராசி'யை உதறிவிட்டார்கள். நாலாவின் கரையில் இருந்தவர்களுக்கு மட்டும் அது ரேஷன் கார்டிலும் வாக்காளர் அட்டையிலும் முகவரியாக நின்றுவிட்டது.

வீடுகள் போனதைப் பத்திரிகைகள் எழுதின. எழுதாத இன்னொன்றும் போனது: ஒரு பேச்சு. வட தமிழகத்துப் பேச்சில் பாதி இந்தியைக் கலந்து, மூன்று தலைமுறையாக இந்தச் சந்துகளில் புழங்கிய தமிழ். ஊரிலிருந்து வந்த தாலாட்டும் ஒப்பாரியும், இங்கேயே பிறந்த கேலியும் கிண்டலும் அதில் அடக்கம். இப்படிப்பட்ட பேச்சைக் காற்றில் ஏற்றுவதற்கென்றே இந்தியாவில் ஒரு சட்ட ஏற்பாடு இருக்கிறது. அதன் பெயர் சமுதாய வானொலி.

தில்லிக்கும் தமிழ் ஒலிக்கும் பழைய உறவு உண்டு. ஆகாசவாணியின் தமிழ்ச் செய்தி பல பத்தாண்டுகள் இந்த நகரத்திலிருந்துதான் தமிழகத்துக்குப் போனது. 2022இல் மறைந்த சரோஜ் நாராயணசுவாமியின் குரலைக் கேட்டுக் கடிகாரத்தைச் சரிசெய்துகொண்ட தலைமுறை ஒன்று இன்னமும் இருக்கிறது. ஆனால் அது தில்லி பேச, தமிழகம் கேட்ட தமிழ். பாராபுல்லா கரைத் தமிழர்கள் பேச, யாராவது கேட்பதற்கு அதில் வழியில்லை.

வழி பிறந்தது 1995இல். அலைவரிசைகள் பொதுச்சொத்து, அவை அரசின் தனியுடைமை அல்ல என்று உச்ச நீதிமன்றம் அந்த ஆண்டு பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. ஏழு ஆண்டு யோசனைக்குப் பிறகு கல்வி நிறுவனங்கள் சொந்தமாகச் சிறு வானொலி நடத்த மத்திய அரசு அனுமதித்தது. முதலில் முந்திக்கொண்டது சென்னை. அண்ணா பல்கலைக்கழகத்தின் 'அண்ணா எஃப்.எம்.' 2004 பிப்ரவரி 1ஆம் தேதி 90.4 மெகாஹெர்ட்ஸில் ஒலித்தது. மாணவர்களோடு சுற்றுவட்டக் குடிசைப் பகுதிப் பெண்களும் மைக் பிடித்து நிகழ்ச்சி தயாரிக்கப் பழகினார்கள். 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் கதவு திறந்தது. 2008இல் ஆந்திரத்தின் மேடக் மாவட்டத்தில் (இப்போது தெலங்கானா) தலித் பெண்கள் நடத்தும் 'சங்கம் ரேடியோ' தொடங்கியது. நாடு முழுவதும் இப்போது சுமார் 500 சமுதாய வானொலிகள் இருக்கின்றன.

இவற்றின் வீச்சு குறைவு. 100 வாட் டிரான்ஸ்மிட்டர், 30 மீட்டர் கோபுரம், பத்துப் பதினைந்து கிலோமீட்டர் சுற்றளவு. அதனால்தான் ஒரே 90.4ஐ ஊருக்கு ஊர் திரும்பத் திரும்பக் கொடுக்க முடிகிறது. சென்னை கிண்டியில் 90.4ஐத் திருப்பினால் அண்ணா எஃப்.எம். பாம்பனில் அதே எண்ணில் அலையின் உயரமும் காற்றின் வேகமும் சொல்லி மீனவர்களுக்காகப் பேசுவது 2016இல் பிறந்த 'கடல் ஓசை'. தில்லியில் அதே எண் ஜாமியா மிலியா பல்கலைக்கழகத்தின் வானொலிக்கு.

ஜாமியாவுக்கும் பாராபுல்லாவுக்கும் இடையே உள்ள தூரம் ஒரு சில கிலோமீட்டர்தான். அங்கே 1982இல் தொடங்கிய மக்கள் தொடர்பியல் ஆராய்ச்சி மையம் நாட்டின் பெயர்பெற்ற ஊடகப் பள்ளிகளில் ஒன்று. நகரின் தெற்கில் உள்ள இந்திய மக்கள் தொடர்பு நிறுவனத்துக்கும் 'அப்னா ரேடியோ' என்று சொந்த வானொலி உண்டு. ஆக, ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு ஊர் சுற்றிப் பழக வேண்டிய மாணவர்களுக்கும், சொல்ல ஆயிரம் கதை வைத்திருந்த மதராசி கேம்ப்புக்கும் நடுவே ஒரு பஸ் டிக்கெட் தூரம்தான் இருந்தது.

பஸ் டிக்கெட்டைவிடப் பெரிய தடை உரிமத்தில் இருக்கிறது. சமுதாய வானொலி உரிமம் தனி நபருக்குக் கிடையாது. பதிவு பெற்று, குறைந்தது மூன்று ஆண்டு இயங்கிய, லாப நோக்கமற்ற அமைப்பாக இருக்க வேண்டும். கோபுரம் நட இடம் வேண்டும். அதற்கு அனுமதி வேண்டும். காலடி மண்ணே தன்னுடையதில்லை என்று நீதிமன்றத்தில் நின்ற மக்கள் எங்கே கோபுரம் நடுவது? விளைவு, பெருநகரங்களில் உரிமம் பெரும்பாலும் கல்லூரிகளிடம் தங்கிவிடுகிறது. அங்கே பயிற்சி மாணவர் பதில் சொல்ல வேண்டியது பேராசிரியருக்கு. மதிப்பெண் வந்ததும் அவர் போய்விடுகிறார். அடுத்த ஜூலையில் அடுத்த அணி வந்து மறுபடி 'அ'விலிருந்து தொடங்குகிறது.

பயிற்சி மாணவர் வேறு மாதிரி வளரும் வானொலியும் உலகில் உண்டு. அதன் வேர் அமெரிக்காவில். கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் 1949இல் கே.பி.எஃப்.ஏ. என்ற நிலையத்தைத் தொடங்கிய லூயிஸ் ஹில், விளம்பரதாரரும் வேண்டாம், அரசும் வேண்டாம், கேட்பவர்களே சந்தா கட்டட்டும் என்றார். நூறு பேரில் இரண்டு பேர் கொடுத்தால் போதும் என்பது அவர் கணக்கு. இந்த வழியில் வந்த பல நிலையங்கள் ஜாஸ் இசைக்கென்றே நடக்கின்றன. அவற்றில் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தின் டபிள்யூ.டபிள்யூ.ஓ.இசட். நம் கதைக்கு மிக நெருக்கமானது.

1980 டிசம்பரில் தொடங்கிய அந்த நிலையத்தில் இசை போடுபவர்கள் பெரும்பாலும் சம்பளமில்லாத தொண்டர்கள். இப்படிப்பட்ட இடத்தில் பயிற்சிக்கு வரும் மாணவருக்கு மைக் உடனே கிடைக்காது. முதலில் டெலிபோன். சந்தா திரட்டும் வாரங்களில் கூப்பிடுகிறவரின் பெயரை எழுத வேண்டும். நன்றிக் கடிதம் அனுப்ப வேண்டும். பழைய ஒலிநாடாவில் யார் பாடியது, எந்த ஆண்டு என்று பார்த்துப் பதிய வேண்டும். சலிப்பூட்டும் வேலைதான். ஆனால் நிலையம் யார் காசில் ஓடுகிறது என்பதை மாணவர் முதல் வாரமே தெரிந்துகொள்கிறார். அடுத்த தெருத் தையல்காரர் பத்து டாலர் கொடுத்திருக்கிறார் என்றால், அவர் தெருவின் இசையை அலட்சியப்படுத்த மனம் வராது.

ஜாஸே இடம்பெயர்க்கப்பட்டவர்களின் இசை. அடிமைகளாகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கர்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் கூடித் தாளம் கொட்டிய காங்கோ சதுக்கம் இருக்கும் ஆம்ஸ்ட்ராங் பூங்காவில்தான் அந்த நிலையம் நீண்ட காலம் இயங்கியது. 2005 ஆகஸ்ட் 29ஆம் தேதி கட்ரினா புயல் நகரத்தை மூழ்கடித்தது. மக்கள் பல மாநிலங்களுக்குச் சிதறினார்கள். நிலையம் ஊமையானது. ஆனால் சில நாட்கள்தான். நியூஜெர்சியில் இருந்த இன்னொரு கேட்பவர் வானொலியின் உதவியோடு, கைவசம் இருந்த பழைய பதிவுகளை வைத்து இன்டர்நெட்டில் மீண்டும் ஒலித்தது. வீடு எங்கே என்று தெரியாதவர்களுக்கு அவர்கள் ஊரின் சத்தம் திரும்பக் கிடைத்தது. பதிவுகள் இருந்ததால்தான் அது நடந்தது.

மதராசி கேம்ப்புக்கும் ஒரு கட்ரினா வந்து போய்விட்டது. நரேலா போனவர்களுக்கு ஜங்புராவில் வேலை, 40 கி.மீ. தூரம். தில்லித் தமிழ்க் கல்விக் கழகம் நடத்தும் ஏழு பள்ளிகளில் ஒன்றுகூட நரேலாவில் இல்லை. பஸ் எப்போது, தண்ணீர் எப்போது, பள்ளியில் சேர்க்கக் கடைசித் தேதி எது என்பதெல்லாம் இப்போது உயிர்ப் பிரச்சினை. சமுதாய வானொலி சொந்தமாகச் செய்தி வாசிக்கக்கூடாது, ஆகாசவாணிச் செய்தியை அப்படியே ஒலிபரப்பலாம் என்பது விதி. ஆனால் குடிநீர், மின்சாரம், போக்குவரத்து, வேலைவாய்ப்பு, கல்வி பற்றிய தகவல்கள் செய்தி அல்ல என்று அதே விதி சொல்கிறது. அதாவது, இடம்பெயர்ந்தவர்களுக்கு எது தேவையோ அதைச் சொல்லத் தடையில்லை.

இது கனவு அல்ல. தில்லியின் எல்லையில், குர்கானில் 2009இல் தொடங்கிய 'குர்காவ் கீ ஆவாஸ்' பீகாரிலிருந்தும் உத்தரப் பிரதேசத்திலிருந்தும் வந்த தொழிலாளர்களை நிகழ்ச்சி தயாரிப்பாளர்களாக்கியது. ஆலையில் வேலை முடித்து வந்தவர்கள் போஜ்புரிப் பாட்டைத் தங்கள் குரலிலேயே கேட்டார்கள். பணம்தான் எப்போதும் பிரச்சினை. மத்திய அரசு 2024இல் விளம்பர நேரத்தை மணிக்கு 7 நிமிடத்திலிருந்து 12 நிமிடமாக உயர்த்தியது. பத்து வினாடி அரசு விளம்பரத்துக்குக் கட்டணம் 74 ரூபாய். அதை நம்பி ஒரு நிலையத்தை நடத்துவது கடினம். ஹில் கணக்குப் போட்ட அந்த இரண்டு சதவீதத்தினர் இந்தியாவில் இன்னமும் பெரிதாக முன்வரவில்லை. தில்லியில் சபா கச்சேரிக்கும் கோயில் கும்பாபிஷேகத்துக்கும் நன்கொடை தரத் தயங்காத தமிழர்கள் ஏராளம். நரேலாவில் ஒரு மணி நேரத் தமிழ் ஒலிபரப்புக்கு மாதம் நூறு ரூபாய் கேட்டால் அவர்களில் சிலராவது தரக்கூடும். இதுவரை அவர்களிடம் கேட்கத்தான் ஆளில்லை.

நூறு ரூபாய்க்குக் காத்திருக்காமலே தொடங்கக்கூடிய வேலையும் ஒன்று உண்டு. தொடர்பியல் படிக்கும் தமிழ் மாணவர்கள் தில்லியில் ஆண்டுதோறும் வந்து சேர்கிறார்கள். கோடை விடுமுறையில் பெரிய சேனல்களில் இடம் தேடி அலைகிறார்கள். அங்கே கிடைப்பது பெரும்பாலும் அடுத்தவர் பேட்டியை டைப் அடிக்கும் வேலை. நரேலாவுக்கு மெட்ரோவும் பஸ்ஸும் மாறி மாறி ஏறிப் போனால், 1970களில் பாராபுல்லாவுக்கு வந்து இறங்கியவர்களில் இன்றும் இருக்கிற கொஞ்சம் பேர் பேசத் தயாராக இருக்கலாம். ரெக்கார்டர்கூட வேண்டாம், செல்போன் போதும். எந்த ஊரிலிருந்து, எந்த ரயிலில், யாரை நம்பி வந்தார்கள்? முதல் குடிசைக்கு மண் எங்கே வெட்டினார்கள்? பிள்ளைக்கு என்ன பாடித் தூங்கவைத்தார்கள்? கேட்டு, பதிந்து, பெயரும் தேதியும் எழுதி வைக்க வேண்டும். ஒலிபரப்ப நிலையம் நாளை கிடைக்கலாம். பேசுகிறவர்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது.

மாற்று வீட்டுக்கு 2015க்கு முன்பே குடியிருந்ததற்கு ஆதாரம் கேட்டது அரசு. காகிதம் காட்டியவர்கள் 189 குடும்பங்கள். காட்ட முடியாதவர்களும் அதே சந்துகளில்தான் வாழ்ந்தார்கள். இனி அவர்கள் இருந்ததற்கு ஆதாரமாக எதுவும் மிஞ்ச வேண்டுமானால், அது அவர்களின் குரலாகத்தான் இருக்க முடியும்.