ஓமந்தையைக் கடக்கும்போது

வவுனியாவிலிருந்து ஏ-9 வீதியால் வடக்கே போகும் பஸ், நகரம் முடிந்து சிறிது நேரத்தில் ஓமந்தையைக் கடக்கிறது. இன்று அங்கே இறங்குபவர்கள் அந்த ஊரவர்கள் மட்டுந்தான். ஏனையோர் யன்னலோரம் தூங்கியபடியே கடந்துவிடுகின்றனர். ஆனாலும் நாற்பது வயதைத் தாண்டிய பெண்கள் பலர் ஓமந்தையில் கண் விழித்துக்கொள்வதைப் பல பயணங்களில் கவனித்திருக்கிறேன். சிலருடைய கை, தன்னையறியாமலே கைப்பைக்குள் அடையாள அட்டையைத் தடவிப் பார்க்கிறது.

2002 ஆம் ஆண்டு யுத்த நிறுத்தத்தின் பின் இவ்வீதி திறக்கப்பட்டபோது, இப்பகுதியில் அரச படையினரின் சாவடியும் அதற்கப்பால் விடுதலைப் புலிகளின் சாவடியும் இருந்தன. இடையில் சூனியப் பிரதேசம். மக்கள் ஒரு பக்கத்தில் இறங்கிப் பொதிகளை அவிழ்த்துக் காட்டி, கட்டி, மறுபக்கத்தில் மீண்டும் அவிழ்த்துக் காட்டினார்கள். 2006 ஓகஸ்டில் யாழ்ப்பாணத்துக்கான பாதை மூடப்பட்டது. 2009 இல் வன்னியிலிருந்து வெளியேறிய மக்களில் பெருந்தொகையினர் முகாம்களுக்குக் கொண்டு செல்லப்படுமுன் இங்குதான் பதியப்பட்டனர். போர் முடிந்து ஆறு ஆண்டுகளின் பின், 2015 ஓகஸ்டில் சாவடி அகற்றப்பட்டது. எமது மொழியில் சோதனை என்ற சொல்லுக்குத் துன்பம் என்றும் பொருளுண்டு. அந்த இரண்டு பொருளையும் ஒன்றாக அறிந்தவர்கள் இவ்வீதியால் போய்வந்த பெண்கள்.

அண்மையில் ஒரு பயணத்தில், ஓமந்தையைத் தாண்டியதும் என் முன் ஆசனத்தில் இருந்த இருவருக்கிடையே வாக்குவாதம் தொடங்கியது. வாள்வெட்டு, தூள் விற்பனை என்று ஊர்ச் செய்திகளில் தொடங்கிய கதை அது.

“இந்தச் சாவடி இருந்திருந்தா தூள் இப்பிடி வந்திருக்குமோ? மறிச்சுப் பாக்கிறதுதான் நல்லது. பேரன் பள்ளிக்கூடத்தால வந்து சேருமட்டும் எனக்கு நெஞ்சிடி” என்றார் வயதில் மூத்தவர்.

“அப்ப மறிச்சவங்கள் என்னத்தைப் பாத்தவங்கள் அம்மா? எல்லாருக்கும் முன்னால என்ர உடுப்புப் பையைக் கொட்டிக் கிளறினவங்கள். அதுக்குள்ளயோ தூள் இருந்தது?” என்று கேட்டார் மற்றவர்.

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் இளம் பெண் ஒருத்தியும் கதையில் சேர்ந்துகொண்டாள். “மறிக்கத் தேவையில்லை அக்கா. சந்திக்குச் சந்தி கமரா பூட்டினாக் காணும். வேலை முடிஞ்சு இருட்டுக்க வரேக்க, எங்களுக்குப் பின்னால வாறவங்கள் பிடிபடுவாங்கள்.”

“கமராவில விழுற படம் ஆற்ற கையில இருக்கும் தங்கச்சி? அதை வச்சு உன்னையே வெருட்டினா என்ன செய்வாய்?”

மூவரில் எவரையும் பிழை என்று சொல்ல முடியாது. பேரனை நினைத்துப் பயப்படுவதும் நியாயம். பலர் முன்னிலையில் அவமானப்பட்டதை மறக்காதிருப்பதும் நியாயம். இருட்டில் தனியே நடக்கும் பெண் கமராவைக் கேட்பதும் நியாயம். பாதுகாப்பு வேண்டுமா, சுதந்திரம் வேண்டுமா என்று கேட்டால் எமக்கு இரண்டுமே வேண்டும்.

புளியங்குளம், கனகராயன்குளம், மாங்குளம் தாண்டி முறிகண்டியில் பஸ் நின்றது. பிள்ளையாரைக் கும்பிட்டு, கச்சானும் வாங்கிக்கொண்டு ஏறியபின் கதை 2019 க்குப் போயிற்று. அவ்வாண்டு ஏப்ரல் 21 ஆம் திகதி தேவாலயங்களிலும் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250 க்கும் மேற்பட்டோர் உயிரிழந்தனர். வீதித் தடைகள் மீண்டும் வந்தன. அதே மாதம் 29 ஆம் திகதி அவசரகால விதியின் கீழ் முகத்தை மூடும் ஆடை தடைசெய்யப்பட்டது. “அதெண்டாச் சரியான வேலை” என்றார் மூத்தவர்.

உயிர்கள் பறிபோன நேரத்தில் முகம் தெரிய வேண்டும் என்று நினைப்பது விளங்கக்கூடியதே. ஆனால் முகத்தை மூடாது, தலையை மட்டும் மறைத்த முஸ்லிம் சகோதரிகளும் அந்நாட்களில் பல இடங்களில் தடுக்கப்பட்டார்கள். ஒரு சிலர் செய்த குற்றத்துக்காக ஓர் இனமே சந்தேகிக்கப்படுவது என்னவென்று எமக்கு யாரும் சொல்லித் தரவேண்டியதில்லை. 1990 ஒக்டோபரில் வட மாகாண முஸ்லிம்களைப் புலிகள் வெளியேற்றியபோது, அம்மக்களும் தம் பொதிகளைச் சோதனைக்குக் கொடுத்துவிட்டு வெறுங்கையோடு போனவர்கள்தான். எமக்கு நடந்தால் அநீதி, பிறருக்கு நடந்தால் பாதுகாப்பு என்று இரண்டு தராசு வைத்திருக்கலாமா? இதைக் கேட்டபோது அந்த அம்மா சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, “அதுவும் சரிதான் பிள்ளை” என்றார்.

கிளிநொச்சியில் கந்தசுவாமி கோயிலைக் கடக்கும்போது பஸ்ஸுக்குள் பேச்சு அடங்கியது. 2017 பெப்ரவரி 20 ஆம் திகதி, காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மாரும் மனைவியரும் தொடர் போராட்டத்தைத் தொடங்கிய இடம் அது. போரின் முடிவில் தம் உறவுகளைக் கையால் கூட்டிச் சென்று படையினரிடம் ஒப்படைத்ததாகச் சொல்பவர்கள் அவர்களுள் பலர். ஓமந்தையிலும் அவ்வாறு ஒப்படைத்ததாகச் சாட்சியம் சொன்னவர்கள் உண்டு. அவர்கள் கேட்பது ஒன்றுதான்: அன்று பதிந்த பெயர்களின் பட்டியல் எங்கே?

பஸ்ஸில் நடந்த வாக்குவாதத்துக்கான விடையும் இந்தக் கேள்விக்குள்ளேயே இருக்கிறது. எம்முடைய பெயரையும் படத்தையும் பொதியையும் கேட்பவர்கள், நாம் கேட்கும்போது எமக்கும் பதில் சொல்ல வேண்டும். பதில் சொல்லும் கடமை உள்ளவரிடம் கமரா இருந்தால் அது பெண்ணுக்குக் காவல். கடமை இல்லாதவரிடம் இருந்தால் அதுவே இன்னொரு சாவடி.

கேட்பதற்குச் சில வழிகள் சட்டத்திலும் உள்ளன. 1979 ஆம் ஆண்டின் 15 ஆம் இலக்கக் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையின்படி, ஒரு பெண்ணின் உடலைச் சோதனையிடுபவர் இன்னொரு பெண்ணாக இருக்க வேண்டும். அதுவும் கண்ணியம் கெடாமல் நடைபெற வேண்டும். பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் ஒருவர் கைதுசெய்யப்பட்டால், 48 மணித்தியாலங்களுக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிக்கப்பட வேண்டும் என்று 1996 ஆம் ஆண்டின் 21 ஆம் இலக்கச் சட்டம் கூறுகிறது. வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் இவ்வாணைக்குழுவின் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, பிரதேச செயலகத்திடமோ பிரதேச சபையிடமோ பொலிஸாரிடமோ தமிழிலேயே தகவல் கேட்கலாம். ஏன் கேட்கிறீர்கள் என்று விளக்கம் சொல்லத் தேவையில்லை. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அறிவிக்க வேண்டும். தேசிய பாதுகாப்பு என்று காரணம் காட்டி மறுப்பதுண்டு. மறுத்தால் மேன்முறையீடு செய்யவும் வழியுண்டு.

ஆகவே சகோதரிகளே, உங்கள் சந்தியில் கமரா பூட்டப் போகிறோம் என்று யாரேனும் வந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லவும் வேண்டாம், உடனே கையொப்பமிடவும் வேண்டாம். மாதர் சங்கக் கூட்டத்தில் நான்கு கேள்விகளை முன்வையுங்கள். படம் யாருடைய பொறுப்பில் இருக்கும்? எத்தனை நாள் வைத்திருப்பார்கள்? எங்களில் ஒருத்திக்கு ஆபத்து நேர்ந்தால் அதை எங்களுக்குக் காட்டுவார்களா? பிழையாகப் பயன்படுத்தினால் யாரிடம் முறையிடுவது? இந்தக் கேள்விகளுக்கான பதிலை எழுத்தில் வாங்கிச் சங்கப் பதிவேட்டில் ஒட்டி வையுங்கள்.