மியூட்

அன்று வகுப்பில் இருந்த இருபத்தாறு பேரின் வாயையும் அடைத்தது நான்தான். ஒரு வீட்டில் சேவல் கூவுகிறது, இன்னொரு வீட்டில் மிக்சி ஓடுகிறது, ஒருத்தி பாத்திரம் துலக்கிக்கொண்டே கேட்கிறாள். எரிச்சலில் எல்லோரையும் மியூட் செய்துவிட்டு, "கேள்வியெல்லாம் கடைசியில்" என்றேன்.

மறதி நோய் வந்தவர்களுக்குச் சாப்பாடு கொடுப்பது எப்படி என்று கிராமத்துக் குடும்பங்களுக்குச் செல்போன் வழியாகச் சொல்லித்தரும் வகுப்பு அது. நான் உணவியல் படித்தவள். கையில் முப்பது ஸ்லைடு. பாதி, மைண்ட் டயட் என்ற உணவுமுறை. 2015-இல் சிகாகோவின் ரஷ் பல்கலைக்கழகத்தார் வெளியிட்டது. கீரை சரி, ப்ளூபெர்ரிக்கும் ஆலிவ் எண்ணெய்க்கும் விளாத்திகுளம் பக்கம் எங்கே போவார்கள்? அதைவிடக் கூத்து, அது நோய் வராமல் தள்ளிப்போடலாம் என்ற எண்ணத்தில் வகுத்தது. கேட்டுக்கொண்டிருந்தவர்கள் வீட்டிலோ நோய் வந்து வருடக்கணக்காகிவிட்டது. இனிப்பைக் குறையுங்கள் என்று வேறு சொல்லிவைத்தேன். மறதி நோயாளிகளுக்கு உணவுக் கட்டுப்பாடு வேண்டாம் என்கிற ஐரோப்பிய வழிகாட்டியைப் படித்தவள்தான் நான்.

நடுவில் திரையில் ஒரு செய்தி வந்தது. "மேடம், அத்தை சோத்த கன்னத்துலயே ஒதுக்கி வச்சுக்கிடுறாக. முழுங்க மாட்டேங்கிறாக. என்ன செய்ய?"

பதில் என் இருபத்து மூன்றாம் ஸ்லைடில் இருந்தது. நிமிர்த்தி உட்கார வைக்க வேண்டும். நாடியைச் சற்றுத் தாழ்த்த வேண்டும். அரைக் கரண்டி, முதல் வாய் இறங்கிய பிறகே அடுத்த வாய். கஞ்சிப் பதம் மெதுவாக இறங்கும், வெறும் தண்ணீர்தான் சட்டென்று மூச்சுக்குழாய்க்குள் பாய்ந்துவிடும். அந்த ஸ்லைடுக்கு நான் வந்து சேரவே இல்லை. நேரமெல்லாம் ஆலிவ் எண்ணெயில் வழுக்கிக்கொண்டு போய்விட்டது. நன்றி சொல்லி முடித்தேன்.

கேள்வி அனுப்பியவள் தனக்குத் தெரிந்ததைச் செய்திருக்கிறாள். மாமியாரின் முகத்தை அண்ணாக்கப் பிடித்து, செம்பிலிருந்து தண்ணீரை ஊற்றியிருக்கிறாள். எச்சில் படாமல் நாமெல்லாம் குடிக்கிறோமே, அப்படி. புரையேறி, இரண்டாம் நாள் காய்ச்சல், பிறகு நிமோனியா. ஒன்பது நாள் ஆஸ்பத்திரி. அந்த அம்மா வீடு திரும்பினார், ஆனால் படுக்கையோடு.

போனில் கேட்டாள்: "நான் ஊத்துன தண்ணிதானா மேடம்?"

"சேச்சே, அதெல்லாம் இல்லம்மா. வயசாயிருச்சுல்ல" என்றேன்.

ஆறுதல் சொன்னதாகத்தான் அப்போது நினைத்தேன். நீ அன்றைக்கே கேட்டாய், நான்தான் பதில் சொல்லவில்லை என்று சொல்ல வேண்டியிருக்குமே என்ற பயம் அது. அந்தப் பொய்யோடு சேர்ந்து பாடமும் இரண்டாம் முறை அவளுக்குக் கிடைக்காமல் போனது. தண்ணீரால் இல்லையென்றால் அவள் ஏன் ஊற்றுவதை நிறுத்தப்போகிறாள்?

ஒரு வாரம் கழித்துத்தான் கூப்பிட்டேன். "இனிமே தண்ணி குடுக்கும்போது நாடியைத் தாழ்த்திக்கம்மா. செம்பு வேண்டாம், ஸ்பூன்ல குடு."

"சரிங்க மேடம்" என்றாள். ஏன் என்று கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.