சுசுனியாக் குன்று

குன்றுதோறும் குமரனைக் கண்டு வணங்கியவர் நம் முன்னோர். ஊருக்கு ஒரு குன்று, குன்றுக்கு ஒரு கோயில், கோயிலுக்கு ஒரு சுனை என்று வாழ்ந்த வழியில் வந்த நாம், பிழைப்பின் பொருட்டுக் கங்கைச் சமவெளிக்கு வந்து சேர்ந்தோம். கடல் மட்டத்திற்குச் சில மீட்டர் உயரத்திலேயே அமைந்த இக்கொல்கத்தா மாநகரில் பிறந்து வளரும் நம் குழந்தைகளுக்கு மலை என்றால் டார்ஜிலிங். அதை விட்டால், கோடை விடுமுறையில் ஊர் செல்லும்போது ரயில் சன்னலுக்கு வெளியே ஓடி மறையும் கிழக்குத் தொடர்ச்சி மலை. ஏறி இறங்கவும், மரத்தையும் பறவையையும் பெயர் சொல்லி அறியவும், பழங்கதை கேட்கவும் ஏற்ற சிறு குன்று ஒன்று நமக்கு அருகிலேயே இருக்கிறது என்பதைப் பலர் அறியார். அதுவே பாங்குரா மாவட்டத்துச் சுசுனியா.

ரயில்வேயில் எழுத்தனாகப் பணிபுரியும் எனக்கு, ஊர்ப்பெயர்கள் பெரும்பாலும் கால அட்டவணையில் படித்துப் பழகியவையே. அவற்றுள் ஒன்றையேனும் நேரில் காண வேண்டும் என்ற விருப்பத்தால், சென்ற தை மாதத்தில் குடும்பத்தோடும் நண்பர் இருவரோடும் புறப்பட்டேன். ஹௌராவிலிருந்து பாங்குரா சுமார் 230 கிலோமீட்டர் தொலைவு. முன்னாள் பெங்கால் நாக்பூர் ரயில்வேயின் வழித்தடம் இது. தென்னாட்டவர் பலர் வேலை தேடி வந்து குடியேறிய கரக்பூர் இவ்வழியில்தான் உள்ளது. மேதினிபூரைக் கடந்ததும் கரிய வண்டல் மண் மறைந்து, செம்மண் தோன்றுகிறது. புதுக்கோட்டைப் பக்கத்து நிலத்தைக் கண்டவர்க்கு இம்மண் புதிதன்று. விஷ்ணுபூருக்கு அருகில் சால மரக்காடுகள் இருபுறமும் தொடர்கின்றன. பாங்குராவிலோ, அதற்கப்பால் ஆத்ரா செல்லும் வழியிலுள்ள சாத்னாவிலோ இறங்கினால், எஞ்சிய வழியைப் பேருந்திலோ வண்டியிலோ கடக்கலாம்.

சோட்டா நாகபுரி மேட்டு நிலம் வங்கச் சமவெளியில் இறங்கி மறையும் எல்லையில், தனித்துக் கிடக்கும் யானை போல் நிற்கிறது சுசுனியா. கடல் மட்டத்திலிருந்து இதன் உயரம் சுமார் 448 மீட்டர். 2,637 மீட்டர் உயரமுள்ள தொட்டபெட்டாவோடு ஒப்பிட்டால் இது குழந்தை. ஆயினும் சுற்றிலும் சமநிலமாதலின், நெடுந்தொலைவிலிருந்தே கண்ணுக்குப் புலப்படுகிறது. குளிர்காலந்தோறும் கொல்கத்தாவின் மலையேற்றச் சங்கங்கள் இளைஞரை இங்கே அழைத்து வந்து, பாறையில் ஏறும் முறையைக் கயிறு கட்டிப் பயிற்றுவிக்கின்றன. பனிமலை ஏற விரும்பும் வங்க இளைஞர் பலருக்கு முதற்பள்ளிக்கூடம் இக்குன்றேயாகும்.

அடிவாரத்தில் ஓர் ஊற்று. அதனை ‘தாரா’ என்கின்றனர். நரசிம்மம் என்று மக்கள் வழிபடும் தேய்ந்த கற்சிலையின் வழியாக நீர் இடையறாது வீழ்கிறது. குடம் ஏந்திய பெண்களும், நீராட வந்த முதியோரும் காலை முதல் அங்கே காத்து நிற்கின்றனர். நம் பங்குனிக்கு நேரான சைத்திர மாதத்தில் இங்கு விழா நடைபெறுகிறது. சாந்தால் மக்களும் பிறரும் சுற்று வட்டாரத்திலிருந்து திரண்டு வருவர். மலையை வணங்குவோர், ஊற்றை வணங்குவோர், சிலையை வணங்குவோர் என்று பிரித்தறிய இயலாதபடி எல்லாம் ஒரே வழிபாடாகக் கலந்துவிட்டது. நம் ஊர்ச் சுனையடிக் கோயில்களிலும் இதனைத்தானே காண்கிறோம்!

ஏறும் வழியில் சாலம், இலுப்பை, பலாசம், மருதம் ஆகியவை நெருங்கி நிற்கின்றன. பலாசம் மாசி, பங்குனியில் பூக்கும்போது மலை தீப்பிடித்தது போல் தோன்றும் என்று உடன் வந்த உள்ளூர்ப் பெரியவர் கூறினார். மருந்துச் செடிகளுக்கும் இக்குன்று பெயர் பெற்றது. எம் கண்ணில் பட்ட பறவைகள் செம்போத்து, கரிச்சான், பனங்காடை, பச்சைக்கிளி முதலியன. பனங்காடையைப் படத்தில் மட்டுமே கண்டிருந்த என் மகள், அது சிறகு விரித்த கணத்தில் தோன்றிய நீலத்தைக் கண்டு வாயடைத்து நின்றாள்.

இன்று உள்ள உயிரினங்களைக் காட்டிலும் வியப்புத் தருவன ஒரு காலத்தில் இங்கு வாழ்ந்தவை. சுசுனியாப் பகுதியில் சிங்கம், கழுதைப்புலி, ஒட்டகச்சிவிங்கி முதலிய விலங்குகளின் எலும்புகள் கல்லாகிக் கிடைத்துள்ளன. ஒட்டகச்சிவிங்கியைக் காண நாம் அலிப்பூர் விலங்குக் காட்சிச்சாலைக்குச் செல்கிறோம். அதன் இனம் இம்மண்ணிலேயே மேய்ந்த காலமும் இருந்தது! மேற்கு வங்காள அரசின் தொல்பொருள் துறையினர் 1960களில் இங்கு ஆராய்ந்தபோது, பழைய கற்கால மனிதர் செதுக்கிய கருவிகளும் கிடைத்தன. ஊற்றும் வேட்டையும் கல்லும் ஓரிடத்தே வாய்த்ததால் ஆதிமனிதர் இவ்விடத்தை விரும்பினர் போலும்.

மலையின் பெருமைக்கு முடிமணியாக விளங்குவது அதன் பாறைக் கல்வெட்டு. நாகேந்திரநாத் வசு என்னும் அறிஞர் 1890களில் இதனை உலகறியச் செய்தார். தீக்கதிர் சூழ்ந்த சக்கரம் ஒன்று பாறையில் பொறிக்கப்பட்டுள்ளது. அதனருகே பிராமி எழுத்தில், வடமொழியில், சில வரிகள் உள்ளன. புஷ்கரணத்து அரசன் சிம்மவர்மனின் மகன் சந்திரவர்மன் செய்வித்தது என்பதும், அவன் சக்கரசுவாமியாகிய திருமாலுக்குத் தொண்டு பூண்டவன் என்பதும் அவ்வரிகளால் தெரிகின்றன. காலம் கி.பி. 4ஆம் நூற்றாண்டு. புஷ்கரணம் என்பது இராஜஸ்தானத்துப் பொக்ரான் என்று ஹரப்ரசாத் சாஸ்திரி கருதினார். பின்வந்த ஆய்வாளர் பலர், தாமோதர் ஆற்றின் தென்கரையில் இதே பாங்குரா மாவட்டத்தில் உள்ள பொகர்ணா என்ற சிற்றூரே அது என்பர். அரசன் தன் நாட்டு மலையில் எழுதுவித்தான் என்பது இயல்பாக இருப்பதால், பின்னதே பொருத்தமாகத் தோன்றுகிறது.

சிம்மவர்மன் என்ற பெயரைக் கேட்டதும் நமக்குக் காஞ்சிப் பல்லவர் நினைவு வருகிறது. பெயர் ஒன்றாயிருப்பது கொண்டு உறவு பேசலாகாது. ஆனால் வேறொரு தொடர்பு உண்டு. சமுத்திரகுப்தனின் வெற்றிகளைக் கூறும் அலகாபாத் தூண் கல்வெட்டில், அவனால் வேரோடு களையப்பட்ட வடநாட்டரசர் வரிசையில் சந்திரவர்மன் என்ற பெயர் வருகிறது. இச்சுசுனியா மன்னனே அவன் என்று அறிஞர் பலர் கொள்வர். அதே தூணில், தோல்வியுற்றுப் பின் விடுவிக்கப்பட்ட தென்னாட்டரசர் வரிசையில் காஞ்சி விஷ்ணுகோபன் பெயரும் காணப்படுகிறது. ஆகவே 1,600 ஆண்டுகளுக்கு முன்பே வங்கத்து மன்னனும் காஞ்சி மன்னனும் ஒரே கல்லில் இடம் பெற்றனர். இவ்வூரில் நாம் முற்றிலும் அந்நியரல்லர் என்று குழந்தைகளுக்குச் சொல்ல இது போதாதா?

ஒற்றுமைகள் இத்துடன் முடியவில்லை. சாத்னாவிலும் சுற்றுப்புறத்திலும் போரில் வீழ்ந்த வீரருக்கு எடுத்த நடுகற்கள் நிற்கின்றன. இதே மாவட்டத்துப் பாஞ்ச்முடா ஊரார் நீண்ட கழுத்தும் நிமிர்ந்த செவியும் உடைய சுடுமண் குதிரைகளைச் செய்கின்றனர். கிராம தெய்வங்களுக்கு அவற்றை நேர்ந்து வைப்பது வழக்கம். ஐயனார் கோயில் குதிரையைக் கண்டு வளர்ந்தவர் இதனைக் கண்டால் புன்முறுவல் பூப்பர்.

சுசுனியாவில் கல்தச்சர் குடும்பங்கள் பல உள்ளன. ஒரு கடையில் சிற்பி ஒருவர் உளியை நிறுத்திவிட்டு எம்மோடு பேசினார். மலையில் கல்லெடுக்க இப்போது வழியில்லை, வெளியிலிருந்து விலை கொடுத்து வாங்குகிறோம், கூலி கட்டவில்லை என்றார். அவர் மகன் உளியைத் தொடுவதில்லையாம். கோயம்புத்தூரில் கட்டட வேலை செய்கிறானாம். நாங்கள் தமிழர் என்று அறிந்ததும், “தாதா, அங்கே உள்ளவர்கள் என் மகனிடம் அன்பாக இருப்பார்களா?” என்று கேட்டார். 60 ஆண்டுகளுக்கு முன் என் பாட்டனாரை இங்கே அனுப்பிவிட்டு, என் கொள்ளுப்பாட்டியும் யாரிடமேனும் இதையே கேட்டிருப்பாள். இருப்பார்கள் என்று விடையிறுத்தேன். அச்சொல்லை மெய்யாக்குவது அங்குள்ள நம் உறவினர் கடமை.

கல்லுக்கும் வயிற்றுக்கும் இடையிலுள்ள இவ்வழக்கு சுசுனியாவுக்கு மட்டும் உரியதன்று. மதுரை மாவட்டம் மேலூர் வட்டத்து அரிட்டாபட்டியை நம்மவர் பலர் அறிவர். ஏழு குன்றுகள், சமணர் படுக்கைகள், தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு, பாண்டியர் காலக் குடைவரைக் கோயில், சுமார் 250 வகைப் பறவைகள் ஆகியவை ஒருங்கே அமைந்த இடம் அது. 2022 நவம்பரில் 193 ஹெக்டேர் பரப்பைத் தமிழக அரசு பல்லுயிர் மரபுத் தலமாக அறிவித்தது. ஆயினும் 2024இல் அப்பகுதியை உள்ளடக்கிய நிலத்தில் டங்ஸ்டன் சுரங்கத்திற்கு ஏலம் விடப்பட்டது. ஊர் மக்கள் கூடிப் போராடினர். 2024 டிசம்பரில் சட்டமன்றம் எதிர்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது. 2025 ஜனவரி 23இல் மத்திய அரசு ஏலத்தை ரத்துச் செய்தது. குன்று பிழைத்தது, அதன் பெயரும் பெருமையும் அறிந்த மக்கள் அருகில் இருந்ததால்.

சுசுனியாவுக்கு நேரும் கேடுகள் பேரிரைச்சல் இல்லாதவை. கோடையின் தொடக்கத்தில் உதிர்ந்த சருகில் எவரோ எறியும் நெருப்பு காட்டை எரிக்கிறது. இளங்கன்றும், தரையில் முட்டையிடும் பறவையும் அழிகின்றன. உல்லாசப் பயணிகள் விட்டுச்செல்லும் குப்பை ஓடைகளை அடைக்கிறது. பாறையில் தம் பெயரைக் கீறி வைப்போரும் உளர். சந்திரவர்மனுக்கு ஒரு நாடு இருந்தது, எழுதினான், நமக்கு எதற்கு?

செல்ல விரும்பும் அன்பர்க்கு மார்கழி முதல் மாசி வரை ஏற்ற காலம். உணவைக் கட்டிக்கொண்டு செல்க. வெறும் பையைத் திரும்பக் கொணர்க. காட்டில் தீக்குச்சி கிழிக்க வேண்டா. கல்தச்சரிடம் ஒரு சிறு சிலையோ, அம்மிக்குழவியோ, பேரம் பேசாது வாங்குக. குழந்தைகளை உடன் அழைத்துச் சென்று, காஞ்சியரசனோடு ஒரே தூணில் பெயர் பெற்ற மன்னனின் மலை இது என்று சொல்லிக் காட்டுக. பெயர் தெரிந்த மலையை எவரும் எளிதில் அழிய விடார்.